கட்சாலில் இருந்த சாவி

அந்த ப்ளக்-இன்னை நான் இரண்டு முறை அழித்தேன். இரண்டு முறையும் அது திரும்பி வந்தது. இரண்டு முறையும் ஒரே மனிதரைப் போனில் கூப்பிட்டுத் திட்டினேன்.

வெப்சைட் செய்துகொடுப்பது என் தொழில். அந்தமானில், போர்ட் பிளேயரின் ஜங்லிகாட்டில் ஒரு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே, மாடியில் ஓர் அறை. கீழே ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே என் டீ கிளாஸ் நடுங்கும். லாட்ஜ்காரர்கள், டைவிங் சொல்லித்தருகிறவர்கள், டூர் நடத்துகிறவர்கள் எல்லாரும் என்னிடம் வருவார்கள். வீடு குட்வில் எஸ்டேட்டில். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். வாய் மட்டும் இல்லையென்றால் என்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான், மறுக்கவில்லை.

சேவையாக நான் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தளம். நிக்கோபாரில் இருக்கிற கட்சால் தீவுக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சின்னச் சங்கத்துடையது. கட்சாலில் யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால் ஷிப் ஏறி போர்ட் பிளேயருக்குத்தான் வரவேண்டும். நோயாளியோடு ஒருவர் வருவதே பெரும்பாடு. டிக்கெட் கிடைக்காது, கிடைத்தாலும் கடல் விடாது. இரத்தம் கொடுக்க அண்ணனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அதனால் போர்ட் பிளேயரில் இருக்கிறவர்களே முன்வந்து பெயர், போன் நம்பர், இரத்தப் பிரிவு எல்லாவற்றையும் அந்தத் தளத்தில் ஒரு படிவத்தில் நிரப்பி வைத்திருந்தார்கள். அந்த விவரங்கள் வெளியே யாருக்கும் தெரியாது. "இன்ன பிரிவு தேவை" என்று தளத்தில் ஓர் அறிவிப்புப் போட்டால் போதும், அந்தப் பிரிவுக்காரர்களின் போனுக்கு மட்டும் செய்தி போகும். யாராவது ஒருவர் கிளம்பி வருவார். இந்தப் பட்டியல் இல்லையென்றால் கட்சாலிலிருந்து வருகிற நோயாளிக்குப் போர்ட் பிளேயரில் நாதியில்லை.

தளத்துக்கு இரண்டு சாவிகள் இருந்தன. அதாவது எல்லாவற்றையும் மாற்றுகிற அதிகாரம் உள்ள அட்மின்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் கட்சாலில் இருந்த சங்கச் செயலாளர். ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு வந்தவர், பேச்சு இன்னும் அந்தத் தோட்டத்துப் பேச்சுதான். ஒற்றை விரலால் தமிழ் டைப் அடிப்பார். ஒரு அறிவிப்புக்கு அரை மணி நேரம் ஆகும், ஆனால் ஓர் எழுத்துப்பிழை இருக்காது. சாட்டிலைட்டில் நெட் வந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு நெட் இல்லாத நாளில் அவருக்கு இருக்கும், அவருக்கு இல்லாத நாளில் எனக்கு இருக்கும். யாருக்குக் கிடைக்கிறதோ அவர் போட வேண்டும் என்றுதான் இரண்டு சாவி. ஒருமுறை மழையில் என் லைன் செத்துக் கிடந்தபோது என்னுடைய பாஸ்வேர்டையே போனில் எழுத்து எழுத்தாகச் சொல்லி அவரை உள்ளே போகச் சொன்னேன். என்னை அவர் "தங்கச்சி" என்பார். நான் "அண்ணே" என்பேன்.

அவருக்கு ஒரு பழைய குற்றப்பதிவும் உண்டு. ஒரு தீபாவளிக்கு, தளம் முழுக்க அகல் விளக்குகள் மேலிருந்து கீழே மிதந்து வருகிற மாதிரி ஒரு ப்ளக்-இன்னை எங்கிருந்தோ தேடிப் போட்டுவிட்டார். ப்ளக்-இன் என்பது தளத்தோடு ஒட்டவைக்கிற சின்ன நிரல். நல்லது போட்டால் நல்லது செய்யும், கண்டதைப் போட்டால் வீட்டுக்குள் அந்நியனைப் படுக்கவைத்த மாதிரி. விளக்கு விழுந்த கனத்தில் அன்றைக்குத் தளம் யாருக்கும் திறக்கவில்லை. ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, "ஊரே இருட்டா கெடக்கு தங்கச்சி, வெப்சைட்லயாச்சும் வெளக்கு எரியட்டும்னு பாத்தேன்" என்றார். சிரித்துவிட்டு எடுத்தேன். இனிமேல் என்னைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள் என்றேன். சரி என்றார்.

விவகாரம் தொடங்கியது ஒரு காலை நேரம். கீழே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக், கையில் கிரீஸோடு மாடியேறி வந்தார். அவர் லோக்கல், கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்த காலத்திலிருந்து ஐந்தாறு தலைமுறையாகத் தீவிலேயே இருக்கிற குடும்பம். பாதி ஹிந்தி, பாதி எங்களோடு பழகிய தமிழ். என்னை "தீதி", அதாவது அக்கா என்று கூப்பிடுவார். ஓ நெகட்டிவ் இரத்தம். எங்கள் பட்டியலில் அந்தப் பிரிவில் மூன்றே பேர்தான். அதில் எப்போது கூப்பிட்டாலும் ஸ்பானரைப் போட்டுவிட்டு வருகிறவர் இவர்.

"தீதி, என் நம்பர் வெளிய எப்படி போச்சு?" என்றார். குரல் சரியில்லை. "ஒருத்தன் வீடியோ கால்ல வர்றான். போலீஸ் வர்தி போட்டிருக்கான். நீ குடுத்த ரத்தத்துல ஒரு பேஷண்ட் மர் கயா, செத்துட்டாரு, உன் மேல கேஸ் ஆயிடுச்சு, ஆதார் காட்டுங்கறான். என் பேரு, குரூப்பு, கடைசியா எந்தத் தேதி குடுத்தேன், சப் மாலூம் உஸ்கோ, எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான். வீட்ல ஒரே அழுகை."

அது ஏமாற்றுக் கூட்டம், போனை வைத்துவிடுங்கள், நம்பரைத் தடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் நகரவில்லை.

"சச் போலோ தீதி, உண்மையைச் சொல்லுங்க. நான் குடுத்து யாராவது செத்தாங்களா?"

இல்லை என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. நம்பினாரா தெரியவில்லை. "என் பேரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று மதியத்துக்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் அதே கதையைச் சொல்லிப் பெயரை எடுக்கச் சொன்னார்கள். அதில் இன்னொரு ஓ நெகட்டிவும் இருந்தார். மூன்றாமவர் மாதக்கணக்காக மெயின்லேண்டில், கடலுக்கு அந்தப் பக்கம். வருஷக்கணக்காக ஒவ்வொரு ஆளாகக் கெஞ்சிச் சேர்த்த பட்டியல் அது.

தளத்தின் உள்ளே போய்ப் பார்த்தேன். ப்ளக்-இன் வரிசையில் நான் போடாத ஒன்று உட்கார்ந்திருந்தது. தளத்தை வேகமாக்க உதவுவதாகச் சொல்லும், பார்க்க யோக்கியமான பெயர். உள்ளே திறந்து பார்த்தால், படிவத்தில் நிரப்பியதையெல்லாம் வெளியே யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. தளத்திலிருந்து கண்ட கண்ட மெயிலும் போய்க்கொண்டிருந்தது. அழித்தேன். தளத்திலிருந்து மெயில் போவதையே மொத்தமாக நிறுத்தினேன். பிறகு கணக்குப் போட்டேன். ப்ளக்-இன் போட அட்மினால்தான் முடியும். அட்மின் இரண்டு பேர். நான் போடவில்லை. அப்படியானால்? யோசிக்க ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கட்சாலுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, என்னைக் கேக்காம என்ன போட்டீங்க?"

"நா ஒண்ணும் போடலீங்களே தங்கச்சி."

"விளக்கு போட்டப்பவும் முதல்ல இப்படித்தான் சொன்னீங்க." இது பொய். அவர் அன்றைக்கு உடனே ஒப்புக்கொண்டார். கோபத்தில் என் வாயில் வந்துவிட்டது. "போன்ல கண்டதைத் தட்டிட்டு எதையோ உள்ள விட்டிருக்கீங்க. ஜனங்க நம்பரெல்லாம் திருட்டுப் பசங்க கைக்குப் போயிடுச்சு. இனி ரத்தம் கேட்டா எவன் வருவான்? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி பண்ணிட்டீங்களே!"

"சரிங்க" என்றார். தங்கச்சி சேர்க்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை, பிறகு யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

அவருடைய சாவியைப் பிடுங்கினேன். தளத்தில் அதற்கு வழி உண்டு. அட்மின் நிலையிலிருந்து கடைசிப் படிக்கு இறக்கினேன். அந்தப் படியில் இருக்கிறவர் அறிவிப்பு எழுதலாம், ஆனால் அது வெளியே போகாது. "பரிசீலனையில்" என்று ஒரு வரிசையில் காத்திருக்கும். நான் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே போகும். ப்ளக்-இன் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அந்த வேலையை முடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கீழே இறங்கிப் போய் மெக்கானிக்கிடம், "கட்சால்ல ஒருத்தர் பண்ணின வேலை அது. ஆளை உள்ளயே விடாம பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன். அவர் ஹிந்தியில் அந்தக் கட்சால் ஆளை நன்றாக ஒரு வசவு வைதார். நான் தடுக்கவில்லை.

நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, ப்ளக்-இன் மறுபடி வந்திருந்தது. அதே யோக்கியமான பெயர். மேசையில் கையால் ஓங்கித் தட்டினேன். இறக்கின படியிலிருந்து அவரால் போட முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் சந்தேகப்படப் பழகிய புத்தி வேறு வழி தேடியது. என் பாஸ்வேர்டைத்தான் ஒருமுறை போனில் சொன்னேனே! அதை எங்கேயோ எழுதி வைத்திருப்பார், யாரோ பார்த்திருப்பார்கள். ப்ளக்-இன்னை அழித்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன், மறுபடி கட்சாலுக்குப் போன்.

"என் பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலீங்க மேடம்."

மேடம். சங்கத்தில் எத்தனையோ வருஷப் பழக்கத்தில் ஒருநாளும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் நிற்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லீங்க மேடம்" தான் பதில்.

நான் போனை வைக்கப் போன நேரத்தில், "மேடம், ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

"எதுவா இருந்தாலும் தளத்துல எழுதிப் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து தளத்தைத் திறந்தால், மூன்றாவது முறையாக அது அங்கே இருந்தது. இந்த முறை எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம். பாஸ்வேர்ட் புதிது, அது என் தலையைத் தவிர வேறெங்கும் இல்லை. இருந்தாலும் கை பழக்கத்தில் கட்சால் நம்பரைத்தான் தட்டியது. தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி தட்டினேன். அதே குரல். பயத்தில் போனை எடுக்காமல் அணைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, போர்ட் பிளேயரிலேயே இருக்கிற சங்கப் பொருளாளரைக் கூப்பிட்டேன்.

"செயலாளர் ஏன் போனை ஆஃப் பண்ணி வச்சிருக்கார்?"

"ஆஃப் எங்க பண்ணாரு? கட்சால்ல டவரே பந்த். புதன்கிழமை காலைலேந்து ஒரு போனும் போகல, நெட்டும் கிடையாது. நேத்து என் மச்சானுக்குப் பேசணும்னு நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன்."

போனை மேசைமேல் வைத்தேன். ப்ளக்-இன் வந்த நேரத்தைப் பார்த்தேன். வியாழக்கிழமை பகல். கட்சால் தீவே ஊமையாகிக் கிடந்த நேரம். அந்த மனிதர் விரும்பினாலும் ஒரு எழுத்தைக்கூட என் தளத்துக்கு அனுப்பியிருக்க முடியாது.

அப்படியானால் வெளியிலிருந்து யாரும் போடவில்லை. உள்ளே இருக்கிற ஏதோ ஒன்றுதான் நான் அழிக்க அழிக்க அதைக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது. தளத்தின் ஒவ்வொரு கோப்பாகத் திறக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இரத்தக் கொடையாளர்கள் நிரப்புகிற படிவம் இருக்கிறதே, அதை நடத்துகிற ப்ளக்-இன்னுக்குள், ஆழத்தில், ஒரு சின்னக் கோப்பு கிடந்தது. அதன் வேலை ஒன்றே ஒன்று. அந்தத் திருட்டு ப்ளக்-இன் இருக்கிறதா என்று இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பார்ப்பது, இல்லையென்றால் மறுபடி கொண்டுவந்து வைப்பது. அதற்கு எந்த பாஸ்வேர்டும் வேண்டாம்.

அந்தப் படிவ ப்ளக்-இன்னைப் போட்டது நான்.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முந்திய காலம். ஒரு சின்ன நிரலை இறக்குவதற்குள் விடிந்துவிடும், பாதியில் அறுந்தும் போகும். அதனால் தீவில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மெயின்லேண்டுக்கு யார் போனாலும் கையில் ஒரு லிஸ்ட்டும் ஒரு பென்டிரைவும் கொடுத்துவிடுவோம். சினிமாவிலிருந்து சாஃப்ட்வேர் வரைக்கும் அப்படித்தான் எங்களுக்கு வந்தது, ஷிப்பில். குட்வில் எஸ்டேட்டில் எங்கள் எதிர்வீட்டு அக்கா சென்னைக்குப் போனபோது நானும் கொடுத்தேன். குக்கருக்கு கேஸ்கட், அரைக்கிலோ அல்வா, கூடவே இந்தப் படிவ ப்ளக்-இன். அக்கா ஏதோ ஒரு கடையில் கேட்க, காசு கொடுத்து வாங்க வேண்டிய அதைக் கடைக்காரர் சும்மாவே போட்டுக்கொடுத்திருக்கிறார். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற கூட்டம் என்று ஊரைக் கேலி செய்கிற நான், அதைக் கேட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

நெட்டிலிருந்து வருகிற எதையும் நான் சந்தேகப்படுவேன். எங்கே எழுதியது, யார் எழுதியது, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று துருவித் துருவிப் பார்ப்பேன். ஆனால் தெரிந்த மனுஷி மூன்று நாள் கப்பலில் கைக்குட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்த பொருளை யாராவது சந்தேகப்படுவார்களா? அல்வாவை வாயில் போட்டுக்கொண்டே அதைத் தளத்தில் ஏற்றினேன். இத்தனை வருஷம் அது ஏன் சும்மா இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. கேபிள் வந்து நமக்கு வழி திறந்தபோது அதற்கும் திறந்ததோ என்னவோ. வேலியே பயிரை மேய்ந்த கதைதான், ஆனால் அந்த வேலியை நட்டது நானே.

படிவத்தை வேரோடு பிடுங்கினேன். பிறகு, முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தளத்தின் அடிப்படைக் கோப்பில் ஒரே ஒரு வரி. அதைப் போட்டுவிட்டால் தளத்துக்குள்ளிருந்து யாராலும் ப்ளக்-இன் போட முடியாது. அட்மினுக்கும் அந்தப் பொத்தானே காணாமல் போய்விடும். மெயிலையும் திறந்துவிட்டேன். கடைசியாக அண்ணனுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று உறுப்பினர் பக்கம் போகும்போதுதான் அந்த வரிசை கண்ணில் பட்டது. பரிசீலனையில்: 1.

தளத்தின் மெயிலை நிறுத்தி வைத்திருந்ததால், அறிவிப்பு ஒன்று காத்திருக்கிறது என்று எனக்குத் தகவல் வரவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. திறந்தேன்.

"அவசரத் தேவை. ஓ நெகட்டிவ். நோயாளி பெண், வயது ஐம்பத்து நான்கு. மூன்று மாதமாக இரத்தப்போக்கு. திங்கட்கிழமை கர்ப்பப்பை ஆபரேஷன். சனிக்கிழமை இரத்தம் கொடுக்க ஒருவர் கண்டிப்பாக வேண்டும். வெள்ளி காலை ஷிப்பில் புறப்படுகிறோம். நோயாளி என் மனைவி. மேடம் பார்த்து அனுமதிக்கவும்."

செவ்வாய்க்கிழமை போட்டது. நான் எழுதிப் போடுங்கள் என்று போனை வைத்த நேரத்திலிருந்து அரை மணி நேரம் கழித்து. ஒற்றை விரலால் அடிக்க அவருக்கு அவ்வளவு நேரம்தான் ஆகும். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. ஆனால் அழுது முடிக்க நேரமில்லை. மணி நாலு. தீவில் அந்த மாதத்தில் நாலரைக்கே வெளிச்சம் குறைய ஆரம்பித்துவிடும். ஷிப் ஏற்கெனவே கடலில். நடுக்கடலில் போன் கிடையாது. காலையில் அவர்கள் வந்து இறங்குவார்கள், அவர் என்னை நம்பிக்கொண்டு இறங்குவார். இரத்தத்துக்கு ஆள் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆபரேஷன் கிடையாது. அடுத்த தேதி எப்போது, அதுவரை அந்த அம்மாவின் உடம்பு தாங்குமா என்று யார் சொல்ல முடியும்? இப்போது அந்த அறிவிப்பை வெளியே விட்டாலும் போய்ச் சேர ஆளே இல்லை. மெயின்லேண்டில் இருக்கிறவர் வர முடியாது. பெயரை எடுக்கச் சொன்ன இன்னொருவர், என் நம்பரைப் பார்த்ததும் கட் செய்தார். மறுபடி அடித்தேன், மறுபடி கட். மிச்சம் ஒருவர்தான். அவர் என் காலடியில் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போனேன். மெக்கானிக் ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பாய், உங்க நம்பர் வெளிய போனதுக்குக் காரணம் நான்தான்" என்றேன். சுற்றி வளைத்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம். பென்டிரைவ் கதையை நாலு வரியில் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கட்சால்காரர்னு சொன்னீங்களே?"

"தப்பா சொல்லிட்டேன். அவர் எதுவுமே செய்யல."

"நான் அந்த ஆளைக் கெட்ட வார்த்தைல திட்டினேனே தீதி. வீட்லயும் போய்ச் சொன்னேன்."

"தெரியும். இப்ப அவரோட சம்சாரத்துக்குத்தான் ரத்தம் வேணும். ஓ நெகட்டிவ். நாளைக்குக் காலைல. உங்களை விட்டா ஆள் இல்ல."

ஸ்பானரைக் கீழே வைத்தார். ரோட்டில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"யாரைத் திருடன்னு சொன்னீங்களோ, அவரோட பீவிக்கு?"

"ஆமா."

"வீட்ல சத்தியம் வாங்கிட்டாங்க தீதி. இனிமே ரத்தம் குடுக்கக் கூடாதுன்னு. அந்தப் போன் வந்த நாள்லேந்து என் வீட்டுக்காரி சரியா தூங்கல."

வீட்டுக்கு நானே வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு, துணியில் துடைத்து, போனை எடுத்து மனைவியிடம் ஹிந்தியில் பேசினார். நெடுநேரம் பேசினார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எத்தனை மணிக்கு வரணும்?" பிறகு, "உங்களுக்காக இல்ல தீதி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அது போதும் என்று சொன்னேன். உண்மையிலேயே போதும்.

காலையில் ஷிப் வந்தபோது நான் துறைமுக கேட்டில் நின்றிருந்தேன். கூட்டத்தின் கடைசியில் அவர் வந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, இன்னொரு கையால் மனைவியைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. நாலு எட்டு வைப்பதும் நிற்பதுமாக வந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் வேகமாக ஒரு பையைக் கீழே வைத்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், என் பக்கம் நீட்டினார்.

"இந்தாங்க மேடம். சார்ஜ் இருக்கு. எல்லாத்தையும் தொறந்து பாத்துக்குங்க. நா ஒண்ணும் போடல. சத்தியமா போடல."

நோயாளி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கடலில் வந்த மனிதர், இறங்கியதும் முதலில் சொன்ன வார்த்தை இது. கப்பலில் வரும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குப் பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

"அண்ணே, நான்தான். நான் போட்டதுதான் எல்லாத்துக்கும் காரணம். உங்களைத் தப்பா பேசிட்டேன்."

அவருக்கு அது சரியாகப் புரிந்ததா தெரியவில்லை. போனை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "அப்ப ரத்தம்?" என்றார். "போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

"ஆள் வந்தாச்சு. ஆஸ்பத்திரில உக்காந்திருக்கார்."

அப்புறம்தான் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

மெக்கானிக் அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பைச் சாத்திவிட்டு வந்திருந்தார். இரத்தம் கொடுத்து முடித்து, முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தவர் நேரே அண்ணனிடம் போனார். எனக்குக் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். அண்ணன் அவர் தோளில் கை வைத்தார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிற சாக்கில் வெளியே போய் நின்றேன்.

ஆபரேஷன் நடந்தது. அந்த அம்மா தேறினார். பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவரையும் நான் கூப்பிட்டுத் தவறு என்னுடையது என்று சொன்னேன். நிறையப் பேர் திட்டினார்கள், கொஞ்சம் பேர் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். ப்ளக்-இன் போடுவதைத் தடுக்கிற அந்த வரி இன்றும் தளத்தில் இருக்கிறது. ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால் என்ன, ஏன், எங்கிருந்து என்று சங்கத்தில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சர்வர் வரைக்கும் போய் அந்த வரியை எடுத்து, வேலையை முடித்து, மறுபடி வைக்க வேண்டும். எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பூட்டு. மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் இப்போது அல்வா மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

அவர்கள் திரும்பிப் போகிற அன்றைக்கு துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் பேசினார். "அண்ணே, சாவியைத் திரும்பக் குடுத்துடறேன். பழையபடி நீங்களும் அட்மின்" என்றேன்.

அவர் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார்.

"வேணாங்க. அது உங்ககிட்டயே இருக்கட்டும். நா எழுதுறத நீங்க பாத்துட்டே போடுங்க." பைகளைத் தூக்கிக்கொண்டார். மனைவி முன்னால் நடக்க, இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"ஆனா சுருக்கா பாருங்க, மேடம்" என்றார்.